மஞ்சப்பையில் கிடந்த தாள்

எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்கென்று ஒரு மஞ்சப்பை உண்டு. யார் வீட்டுக் கல்யாணத்திலோ தேங்காய் போட்டுக் கொடுத்தது. 2008-இல் எனக்கு எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் அந்தப் பைக்குள் ஒன்பது வருடம் கிடந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென் – பாசிட்டிவ்' என்று அதில் அச்சடித்திருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. எச்.ஐ.வி. என்ற ஒரே சொல்லில் நாங்கள் இடிந்து உட்கார்ந்திருந்த நேரம் அது. ஆஸ்திரேலியாவைப் பற்றி யார் யோசிப்பது?

அந்தத் தாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். எச்.ஐ.வி.யோடு வாழும் யாராவது இதைப் படித்துவிட்டு, தன் வீட்டுப் பையை எடுத்து ஒருமுறை கொட்டிப் பார்த்தால் போதும்.

சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இருபது வயதில் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராகச் சேர்ந்தேன். 2008 கடைசியில் விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். டிபி என்றார்கள். டிபி வந்தவர்களுக்கு எடுப்பதுபோல எச்.ஐ.வி. பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்தில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. பாசிட்டிவ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை வெறும் 112. மனைவிக்கும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை. அவள் என்னை விட்டுப் போகவில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டிபி மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் சோறு இறங்கவில்லை. தாளிக்கிற வாசம் பட்டாலே குமட்டும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரஸினமைடு மூன்றுமே கல்லீரலைத் தொடக்கூடிய மருந்துகள், அதனால் வந்த காமாலை என்றார்கள். இரண்டு வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். பைரஸினமைடை மட்டும் விட்டுவிட்டார்கள். உடம்பு தேறியது. டிபியும் குணமானது. எல்லோருக்கும் நிம்மதி. அங்கே எடுத்த பரிசோதனையில்தான் அந்த ஆஸ்திரேலியா வரி இருந்தது. மருந்தால் வந்த காமாலை என்று காரணம் கிடைத்துவிட்டதால், இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று யாரும் தேடவில்லை. எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏஆர்டி சென்டரில் நானும் அந்தத் தாளைக் காட்டவில்லை. அங்கே சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்துக்கு அந்தக் காலத்து லேப்களில் வைத்திருந்த பெயர்தான் ஆஸ்திரேலியா ஆன்டிஜென். புளூம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அதைக் கண்டார். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பெரும்பாலும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று போடுகிறார்கள். உங்கள் பழைய தாளில் இந்த இரண்டில் எது இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

எச்.ஐ.வி.க்கான இலவச கூட்டு மருந்து இந்தியாவில் 2004 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை ஆரம்பத்திலேயே அதைக் கொடுத்த இடங்களில் ஒன்று. எனக்கு ஆரம்பித்தபோது ஸ்டாவுடின், லாமிவுடின், எஃபாவிரென்ஸ். ஸ்டாவுடினால் கன்னம் ஒட்டிப்போகும், கால் பாதம் எரியும். 2013 வாக்கில் அதை மாற்றி, ராத்திரி ஒரே மாத்திரையாக டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் கொடுத்தார்கள். பாத எரிச்சல் மெல்லக் குறைந்தது. சிடி4 அறுநூறைத் தாண்டியது. ஒருநாள் கூட வேலைக்கு லீவு போடாமல் ஓடினேன்.

அந்த ஒற்றை மாத்திரைக்குள் இருந்த டெனோஃபோவிரும் லாமிவுடினும் எச்.ஐ.வி.யை மட்டுமல்லாமல் என் கல்லீரலில் இருந்த ஹெபடைட்டிஸ் பி-யையும் சேர்த்து அடக்கிக்கொண்டிருந்தன. எனக்கு அது தெரியாது. என் சிகிச்சையைக் குறித்து வைக்கும் ஏஆர்டி புத்தகத்திலும் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

2017 பிப்ரவரியில் அம்மா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் தங்கினேன். கையில் இருந்தது ஒரு மாத மாத்திரைகூட முழுதாக இல்லை. தீர்ந்தபோது திருப்பூருக்குப் போய் வாங்கி வந்திருக்கலாம். திண்டுக்கல்லிலேயே ஏஆர்டி சென்டர் இருக்கிறது, புத்தகத்தைக் காட்டினால் தற்காலிகமாகக் கொடுத்திருப்பார்கள். ஆனால் சொந்த ஊர் ஆஸ்பத்திரி வரிசையில் யார் பார்ப்பார்களோ என்ற பயம். அண்ணி அலமாரியைத் திறந்தால் டப்பாவைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம். உடம்புதான் நன்றாக இருக்கிறதே, இரண்டு மாதம்தானே, திரும்பிப் போய் ஒழுங்காகப் போட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பயத்தில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

எட்டாவது வாரம் அசதி. வயல் வரப்பில் நூறடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது. அப்புறம் அரிப்பு, குமட்டல், மறுபடியும் கடுங்காப்பி நிறம். அண்ணிதான் முதலில் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, கண்ணு மஞ்சளா இருக்கு. காமாலைப்பா இது."

ஊரில் காமாலை என்றால் கீழாநெல்லிதான். அண்ணி தினமும் காலையில் கொல்லையில் பறித்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் பெரியவரிடமும் அண்ணன் கூட்டிப் போனார். உப்பில்லாத தயிர்சோறு, எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது என்று பத்தியம். பன்னிரண்டு நாள் அப்படியே போனது. ஆறு கிலோ இளைத்தேன். மஞ்சள் ஏறிக்கொண்டே இருந்தது.

அண்ணி கொடுத்தது அன்பு. அதை நான் எங்கேயும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் கீழாநெல்லியைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டும். தண்ணீர், சாப்பாடு மூலம் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். ஹெபடைட்டிஸ் பி-க்கு கீழாநெல்லி வேலை செய்கிறதா என்று நம் சென்னையிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரின் அந்த ஆய்வு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜெனைக் கண்டுபிடித்த அதே புளூம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த ஆன்டிஜென் மறைந்தது என்று எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் இன்றைக்கு ஹெபடைட்டிஸ் பி-க்கு கீழாநெல்லியை மட்டும் நம்பி உட்காருவது சரியில்லை. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் ஒருநாள் கூட அப்படி உட்காரக் கூடாது. நான் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன்.

மனைவி வந்து என்னைத் திருப்பூருக்கு அழைத்துப் போனாள். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 11. கல்லீரல் அடிபட்டதைக் காட்டும் எஸ்ஜிபிடி, நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, 1,240. ரத்தம் உறையும் நேரமும் கூடியிருந்தது. படுக்க வைத்த இடத்தில் கட்டில் கம்பியில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் எங்களைக் கடந்து போன விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எச்.ஐ.வி. நிலையை இப்படி வெளிக்காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இப்போது யாருக்காவது அப்படி நடந்தால் வாய் திறந்து கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மூன்றாம் நாள் ஏஆர்டி சென்டரில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பார்க்க வந்தார். சின்னப் பெண். "அண்ணா, கோபப்படாம சொல்லுங்க. மாத்திரைய நிறுத்துனீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டவில்லை. மனைவியைப் பார்த்து, "அக்கா, பழைய ரிப்போர்ட் எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் மஞ்சப்பை கொட்டப்பட்டது.

கல்லீரல் டாக்டர் எனக்குச் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லிப் பார்க்கிறேன். "அடுப்புல பால் இருக்குப்பா. இந்த மாத்திரை அடுப்ப சிம்ல வச்சிருந்துச்சு. நீ ஒரேயடியா தூக்கி விட்டுட்ட. பொங்கிடுச்சு." ஹெபடைட்டிஸ் பி கிருமி கல்லீரல் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மாத்திரை அதைப் பெருக விடாமல் பிடித்து வைக்கும், வேரோடு பிடுங்காது. மாத்திரை நின்றதும் கிருமி சில வாரங்களில் பெருகும். அதை அடிக்கக் கிளம்பும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிருமி இருக்கும் கல்லீரல் செல்களையும் சேர்த்து அடித்து நொறுக்கும். அதுதான் இந்தக் காமாலை. சிலருக்குக் கல்லீரல் முழுதாகச் செயலிழந்து உயிரே போயிருக்கிறது.

என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. 2009-இலிருந்து 2013 வரை ஹெபடைட்டிஸ் பி-க்கு எதிராக என் உடம்பில் இருந்தது லாமிவுடின் ஒன்றுதான். எச்.ஐ.வி. சேர்ந்தவர்களுக்கு லாமிவுடின் மட்டும் தனியாக இருந்தால், சில வருடங்களில் ஹெபடைட்டிஸ் பி அதை மீறப் பழகிவிடும். ஆரம்பத்திலேயே அந்தத் தாள் ஏஆர்டி டாக்டர் கைக்குப் போயிருந்தால் டெனோஃபோவிரை முன்னாலேயே கேட்டு வாங்க முயன்றிருப்பார்கள். போகட்டும்.

மாத்திரையை உடனே திரும்ப ஆரம்பித்தார்கள். எஸ்ஜிபிடி சாதாரண அளவுக்கு வர நான்கு மாதம் ஆனது. டாக்டர் பத்தியத்தை முதல் நாளே உடைத்தார். முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடச் சொன்னார். கல்லீரல் அடிபட்டவன் பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே தின்னும் என்றார். ராத்திரி படுக்கும் முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுப் படுக்கச் சொன்னார். அன்றிலிருந்து ஒன்பதரை மணிக்கு ஒரு தம்ளர் பாலும் இரண்டு இட்லியும் என் வழக்கம். உப்பைக் குறைத்தேன், விடவில்லை.

ஃபைப்ரோஸ்கேன் என்று ஒரு பரிசோதனை உண்டு. விலா மேல் ஒரு கருவியை வைத்துத் தட்டி, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பார்கள். வலி இல்லை. காமாலை இருக்கும்போதே எடுத்தால் வீக்கத்தால் எண் கூடுதலாகக் காட்டும் என்று சொல்லி, எட்டு மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். 13.8 வந்தது. அதாவது தழும்பு விழுந்து, கல்லீரல் இறுகிச் சுருங்கிப்போகும் சிரோசிஸின் வாசலில் நிற்கிறேன். 2023-இல் அதே பரிசோதனை 9.2. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் கல்லீரல் தன்னைத்தானே கொஞ்சம் சரிசெய்துகொள்ளும் என்பதை என் உடம்பிலேயே பார்த்தேன். ஃபைப்ரோஸ்கேன் வசதி இல்லாத ஊரில் சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, பிளேட்லெட் இரண்டையும் வைத்தே டாக்டர் ஒரு கணக்குப் போட்டுவிடுவார். அதைக் கேளுங்கள்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும், ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் எடுக்கிறேன். கல்லீரலில் புற்றுக்கட்டி ஏதாவது முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பதற்கு. ஹெபடைட்டிஸ் பி-யோடு தழும்பும் உள்ளவர்கள் இதை விடக் கூடாது. ஸ்கேனுக்குப் போகும் நாள் மட்டும் மனைவி பேச மாட்டாள். ரிசல்ட் வந்த பிறகுதான் டீ குடிப்பாள்.

என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டதை நினைத்தால் மனசு ஆறும். அதே சமயம் வலிக்கவும் செய்யும். ஹெபடைட்டிஸ் பி ரத்தம் மூலமும் உடலுறவு மூலமும் பரவுவது, எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றுவது. உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் எதையும் பகிரக் கூடாது. ஆனால் ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே பாயில் பிள்ளையைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு எதிராக நல்ல தடுப்பூசி இருக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அளவும் எண்ணிக்கையும் மாறலாம், டாக்டர் சொல்வார். 2017-இல் மூவருக்கும் பரிசோதித்தோம். கிருமியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஒன்பது வருடம் அவர்கள் ஒரு ஊசிகூட இல்லாமல் என்னோடு வாழ்ந்திருக்கிறார்கள். அந்த வாரமே முதல் ஊசி போட்டோம். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போடுகிறார்கள். தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் அந்த 24 மணி நேரம் மிக மிக முக்கியம்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்பும். நானும் திரும்பியவன்தான். ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி., சாராயம் மூன்றும் சேர்ந்தால் தழும்பு விழும் வேகமே வேறு. "கொஞ்சமா குடிக்கலாமா சார்?" என்று கேட்டேன். "உனக்குக் கொஞ்சம்னு ஒண்ணு இல்லப்பா" என்றார் டாக்டர். அத்தோடு நிறுத்தினேன். எளிதாக இருக்கவில்லை. முதல் மூன்று மாதம் சனிக்கிழமை சாயங்காலம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வெளியே போவேன்.

மெடிக்கல் ஷாப்பில் உடம்பு வலிக்கு என்று கேட்டால் பொட்டலமாக மடித்துக் கொடுப்பார்களே, அதையும் நிறுத்துங்கள். அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் தெரியாத லேகியம், உடம்பு தேற்றும் பவுடர் எதையும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடுவதில்லை.

ஏஆர்டி வரிசையில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பிக்கு ஹெபடைட்டிஸ் சி. முன்பு ஊசியில் போதை மருந்து எடுத்தவன். அவனைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பொறாமை. சி வகைக்கு முழுக் குணம் இருக்கிறது. சோஃபோஸ்புவிர், டக்ளட்டாஸ்விர் மாத்திரை பன்னிரண்டு வாரம் போட்டான், கிருமி போய்விட்டது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் அந்த மாத்திரைகள் இலவசம். கூட்டு மருந்தோடு சேரும்போது அளவு மாற வேண்டியிருக்கலாம் என்பதால் இரண்டு டாக்டர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். சி-க்கு மருந்து ஆரம்பிக்கும் முன் பி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சி அடங்கும்போது பி தலைதூக்குவது உண்டு.

2021-இல் எஃபாவிரென்ஸை எடுத்துவிட்டு டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்கு என்னை மாற்றினார்கள். எஃபாவிரென்ஸ் தரும் கெட்ட கனவுகள் நின்றன. ஏழு கிலோ எடையும் கூடியது. கொழுப்புக் கல்லீரல் வேறு சேர்ந்துவிடக் கூடாது என்று இப்போது காலையில் நொய்யல் பக்கம் ஒரு மணி நேரம் நடக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம், 2022-இல், நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.0-இலிருந்து 1.3 ஆகியிருந்தது. அன்று இருந்தவர் புது டாக்டர். "டெனோஃபோவிர் கிட்னியத் தொடுது போல. அதை எடுத்துட்டு அபாகாவிர் தரேன்" என்று எழுத ஆரம்பித்தார். எச்.ஐ.வி. மட்டும் உள்ளவர்களுக்கு அது சரியான யோசனைதான். நான் எழுந்து நின்றேன். "சார், எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு. லாமிவுடின் மட்டும் இருந்தா எனக்குப் பத்தாது. 2017-ல பொங்கிடுச்சு" என்றேன். குரல் நடுங்கியது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க. முழுசா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அதை நிறுத்தச் சொன்னார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார், இல்லை. டொலுடெக்ராவிர் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யாமலே கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்று விளக்கினார். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது 1.1. டெனோஃபோவிர் அப்படியே தொடர்கிறது. உண்மையாகவே சிறுநீரகம் கெட்டிருந்தால், டெனோஃபோவிரின் இன்னொரு வடிவமோ என்டெகாவிரோ தந்து பி-யைக் கவனித்துக்கொண்டுதான் மாற்றுவார்களாம்.

அவர் என் ஏஆர்டி புத்தகத்தைத் திருப்பி, அட்டைக்கு உள்பக்கம் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்: 'ஹெபடைட்டிஸ் பி உண்டு. டெனோஃபோவிரை நிறுத்தும் முன் கல்லீரல் டாக்டரைக் கேட்கவும்.' அன்று சாயங்காலம் மனைவி அதை அலைபேசியில் படம் எடுத்து, என் மகளுக்கும் மகனுக்கும் அனுப்பி வைத்தாள்.